அப்பா ஆலப்பாக்கத்தில் செத்துப்போன விளையாட்டு

ஏழாம் வகுப்புப் படிக்கும்போது நானே ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டைச் செய்தேன். அதில் என் அப்பா ஒரு நாளைக்கு எத்தனை முறை செத்தார் என்பதற்குக் கணக்கே கிடையாது. பெரும்பாலும் ஆலப்பாக்கத்தில்தான் சாவார். அங்கே ஓர் ஆட்டை நிறுத்தி வைத்திருந்தேன்.

அப்பா அப்போது கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே தனியார் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். அந்த ரோட்டில் பஸ் ஏறியவர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. ஏறாதவர்களுக்குச் சொல்கிறேன். முன்னால் போகும் பஸ்ஸை முந்தினால்தான் அடுத்த ஸ்டாப்பில் நிற்கிற ஜனம் நம் பஸ்ஸில் ஏறும். முந்தாவிட்டால் முதலாளியிடம் பாட்டு வாங்க வேண்டும். அறுவடை முடிந்ததும் நெல்லைக் காயப்போடுகிறவர்கள் ரோட்டில் பாதியை எடுத்துக்கொள்வார்கள். மீதிப் பாதியில் ஆடு, மாடு, ஷேர் ஆட்டோ, கல்யாண வேன் எல்லாம் போகும். இத்தனைக்கும் நடுவில் பஸ்ஸில் ஒரு கீறல் விழாமல் கொண்டுபோய்ச் சேர்க்கிறவர் என் அப்பா என்பதில் எனக்கு ஏகப்பட்ட கர்வம். செம்மண்டலத்தில் எங்கள் தெருவில் வேறு எந்தப் பெண்ணின் அப்பாவுக்கும் ஏர் ஹாரன் கிடையாது.

ஆகவே பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சர், திரையில் கட்டங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி விளையாட்டு செய்வது எப்படி என்று கற்றுக்கொடுத்தபோது நான் வேறு எதையும் யோசிக்கவில்லை. மற்ற பிள்ளைகள் பூனையை நடக்கவிட்டார்கள். நான் பஸ் விட்டேன். பக்கத்து வீட்டில் இருந்த அத்தையின் மகளுக்கு அரசாங்கம் கொடுத்த லேப்டாப், அவள் ஹாஸ்டலுக்குப் போகாத நாட்களில் எல்லாம் எங்கள் வீட்டில்தான் கிடந்தது. கடலூர் பஸ் ஸ்டாண்டில் புறப்பட்டு, சிப்காட், ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், முட்லூர் என்று வரிசையாக எல்லா ஊரையும் வைத்தேன். சிப்காட் வரும்போது திரையில் பயணிகள் மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள். அது என் சொந்தக் கற்பனை என்று நான் பெருமைப்பட்டாலும், அந்த வழியில் போன எவருக்கும் அது கற்பனை இல்லை. எதன்மீதாவது பஸ் மோதினால் ‘டமார்’ என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் திருப்பாதிரிப்புலியூரில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்த, அம்மாவின் தம்பியான என் மாமாவின் நன்கொடை. போன தீபாவளிக்கு அவர் அணுகுண்டு வெடித்ததைப் போனில் பிடித்து வைத்திருந்தார்.

டீச்சர் பார்த்துவிட்டு, சிதம்பரத்தில் ஒரு பள்ளியில் நடக்கப்போகும் அறிவியல் கண்காட்சிக்கு என் பெயரைக் கொடுத்துவிட்டார். அடுத்த வாரம் சனிக்கிழமை கண்காட்சி. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அன்று மாலை அப்பா டூட்டி முடிந்து வந்து, குளித்து, கைலியோடு உட்கார்ந்ததும் லேப்டாப்பை அவர் முன்னால் வைத்தேன்.

அப்பா விளையாடிய அழகை இன்றைக்கும் மறக்க முடியாது. பஸ் இடதுபக்கம் திரும்பினால் அவரும் இடதுபக்கம் சாய்ந்தார். ஆட்டோ குறுக்கே வந்தபோது, சம்மணம் போட்டிருந்த வலது காலை நீட்டித் தரையை மிதித்தார். அங்கே பிரேக் இல்லை. சிப்காட்டில் மூக்கைப் பிடித்த பயணிகளைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார். அடுத்தது ஆலப்பாக்கம். ஆடு வந்தது. டமார்.

திரையில் புகை கலைந்ததும், ஒரு கீறல் இல்லாமல் பஸ் மறுபடியும் கடலூர் பஸ் ஸ்டாண்டில் நின்றது.

அப்பா சிரிப்பை நிறுத்தினார். "இது எந்த பஸ்ஸு?"

"உங்க பஸ்ஸுதான்ப்பா."

"உள்ள ஒக்காந்திருக்கிறது யாரு?"

"நீங்கதான்."

"நான்தான் செத்துட்டனே. அப்புறம் எப்படி வந்தேன்?"

சமையலறையில் அம்மா கையிலிருந்த கரண்டி விழுந்த சத்தம் கேட்டது. "வெளக்கு வச்ச நேரத்துல என்ன பேச்சு இது? ஏய், அத அழிச்சிடுடி மொதல்ல!" என்று அங்கிருந்தே கத்தினாள். எங்கள் வீட்டில் ஆக்சிடென்ட் என்ற வார்த்தையை யாரும் வாயில் எடுக்கக் கூடாது. பேப்பரில் வந்த அந்த மாதிரிச் செய்தியைக்கூட அம்மா உள்பக்கமாக மடித்துத்தான் வைப்பாள்.

நான் அழ ஆரம்பித்தேன். அழுதால் நடக்கும் என்று தெரிந்த வயது அது. அப்பா ஜட்ஜ் மாதிரி ஒரு தீர்ப்பு சொன்னார். "பஸ்ஸுல மோதிக்கினவன் எந்திரிச்சி வரமாட்டான் பாப்பா. அது எனக்குத் தெரியும். ஒன் வெளையாட்டுல வர்றான்னா அதுக்கு ஒரு காரணம் இருக்கணும். ஞாயித்துக்கெழமக்குள்ள அந்தக் காரணத்தச் சொல்லு, சிதம்பரத்துக்கு நானே கூட்டினு போறேன். சொல்லலன்னா ஒங்கம்மா சொன்ன மாதிரி அழிச்சிடு."

இதைவிட அநியாயம் உலகத்தில் இருக்க முடியாது என்று நினைத்தேன். எல்லா விளையாட்டிலும் செத்தவன் திரும்பி வருவான். வராவிட்டால் அப்புறம் எப்படி விளையாடுவது? இதற்குப் போய் யாராவது காரணம் கேட்பார்களா? ஆனால் அப்பா கேட்டார், நான் சொல்லியாக வேண்டும்.

முதல் வக்கீலாக மாமாவைப் பிடித்தேன். மாமா கடையில் எந்நேரமும் விளையாடிக்கொண்டிருப்பவர். செத்துப் பிழைப்பதில் அனுபவஸ்தர். அடுத்த நாள் சாயங்காலமே வீட்டுக்கு வந்து கால்மேல் கால் போட்டுக்கொண்டு அப்பாவிடம் சொன்னார்: "மாமா, கேம்ல எல்லாருக்கும் மூணு உயிரு உண்டு. ஒண்ணு போனா இன்னும் ரெண்டு இருக்கும்."

"மூணு உயிரா? எந்தக் கடையில மச்சான் விக்கிறான்? எனக்கும் ஒண்ணு வாங்கியா."

மாமா உடனே ரூட்டை மாற்றினார். எல்லாமே டிரைவர் காணும் கனவு என்றார். மோதியதும் விழித்துக்கொள்கிறார், அவ்வளவுதான். "கனவுன்னா நான் எதுக்கு பிரேக் போடணும்? ஆட்ட அடிச்சினே போயிடுவனே" என்றார் அப்பா. எனக்கே அது சரியென்று பட்டது. பட்டதால் இன்னும் கோபம் வந்தது.

அத்தைக்கு விஷயம் எட்டியதும் தானாகவே வந்து சேர்ந்தாள். அத்தை அப்பாவுக்கு அக்கா. அவளிடம் எல்லாவற்றுக்கும் சாமி சம்பந்தமான ஒரு பதில் இருக்கும். "இதுல என்னடா தம்பி கஷ்டம்? எமன் ஆளு மாத்திக் கூட்டினு போயிட்டான். மேல போனதும், அய்யோ இவன் இல்லன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. எத்தினி பேருக்கு நடந்திருக்கு!"

"ஒருவாட்டின்னா சரிக்கா. ஒரே சிங்கிள்ல பத்துவாட்டி ஆளு மாத்துறவன டூட்டியில வச்சிருப்பாங்களா? சஸ்பெண்ட் பண்ணிட மாட்டாங்க?"

ஒரு முறை சிதம்பரம் போய்ச் சேர்வதைத்தான் டிரைவர்கள் சிங்கிள் என்பார்கள். அத்தைக்கு அது புரிந்ததோ இல்லையோ, எமனை சஸ்பெண்ட் செய்யச் சொன்னதற்காகக் கன்னத்தில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

மறுநாள் மாமா தன் பிரம்மாஸ்திரத்தோடு வந்தார். அவர் ஊர் திரௌபதியம்மன் கோயில் திருவிழாவில் படுகளத்தன்று செத்தவர்களாகச் சிலர் களத்தில் படுப்பார்கள். வெள்ளைத் துணி போர்த்தி, சுற்றி உட்கார்ந்து பெண்கள் ஒப்பாரி வைப்பார்கள். கடைசியில் பூசாரி மஞ்சள் தண்ணீர் தெளித்துச் சாட்டையைச் சொடுக்கினால் எல்லோரும் எழுந்துவிடுவார்கள். மாமா வருஷா வருஷம் படுக்கிற ஆள். ஒரு வருஷம் துணிக்கு அடியில் தூங்கிப்போய் அவர் குறட்டை விட்டதும், ஒப்பாரி வைத்த பெண்கள் சிரிப்பை அடக்க முடியாமல் தவித்ததும் ஊரறிந்த கதை. "நானே வருஷத்துக்கு ஒருவாட்டி செத்துப் பொழைக்கிறேன் மாமா. பாப்பா கேம்ல தண்ணி தெளிச்சா பஸ்ஸு எந்திரிச்சிடும். சாமி விஷயம், இதுக்கு மேல என்னா வேணும்?"

அப்பா இதற்குக் கொஞ்சம் அசைந்தார். நெடுநேரம் தலையைச் சொறிந்துவிட்டு அவர் சொன்னார்: "எந்திரிப்போம்னு படுக்கும்போதே ஒனக்குத் தெரியும் மச்சான். அதான் தூங்குற. ரோட்ல விழுறவனுக்கு அது தெரியாதே."

தோல்வியில் மாமா நிதானம் இழந்தார். "சரி, அந்த ஆளு செத்துட்டான். கம்பெனில அச்சு அசலா அதே மாதிரி இன்னொரு ஆளச் செஞ்சி அனுப்பிட்டான். இங்கிலீஷ் கேம்ல எல்லாம் அப்படித்தான். போதுமா?"

"அப்ப வீட்டுக்கு வர்றது யாரு?" என்று கேட்டார் அப்பா. "அந்தப் புது ஆளுக்கு ஒங்கக்கா சோறு போடுவாளா?"

விளையாட்டாகத்தான் கேட்டார். ஆனால் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா, முறத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்து தோட்டத்துப் பக்கம் போனாள். யாரும் சிரிக்கவில்லை. மாமா செருப்பைத் தேட ஆரம்பித்தார்.

கெடு முடிய ஒரே நாள் பாக்கி, சனிக்கிழமை வந்துவிட்டது. எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. சிதம்பரத்துக்குப் போகப்போவதில்லை என்று முடிவுகட்டி, மூலையில் உட்கார்ந்திருந்தேன். அப்பா வந்தார், குளித்தார், சாப்பிட உட்கார்ந்தார். வழக்கம்போல அன்றைய கதையை ஆரம்பித்தார்.

இது எங்கள் வீட்டில் தினமும் நடப்பது. அப்பா தட்டின் முன்னால் உட்கார்ந்ததும் காலையில் முதல் சிங்கிளில் தொடங்கி எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். அப்பாவுக்கு எதையும் உள்ளபடி சொல்ல வராது. கை நிறைய மசாலா தூவித்தான் சொல்வார். அம்மாவும் சும்மா கேட்க மாட்டாள். குறுக்கே குறுக்கே மறித்துத் திருத்துவாள். எதிர்வீட்டுச் சண்டையைப்போல இருக்கும். நான் பிறந்ததிலிருந்து கேட்டுக்கொண்டிருந்ததால் அதைக் காதில் வாங்குவதே இல்லை. அன்றைக்கு வாங்கினேன்.

"புதுச்சத்திரம் தாண்டி ஒரு லாரிக்காரன் பூந்துட்டான். அவ்ளோதான், முடிஞ்சோம்னு நெனச்சேன். ஸ்டேரிங்க ஒரே ஒடி ஒடிச்சேன் பாரு, பஸ்ஸு நேரா வயல்ல எறங்கிடுச்சி!"

"வயல்லயா?" என்றாள் அம்மா. "சட்டையில ஒரு பொட்டு சேறு இல்லியே. ஒழுங்கா சொல்லுங்க."

"சரி, வயல்ல எறங்கல. ஓரமா போச்சி."

"மொதல்லேருந்து சொல்லுங்க."

அப்பா ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, மறுபடியும் புதுச்சத்திரத்தில் லாரியைப் புகவிட்டார். இந்த முறை பஸ் வயலில் இறங்கவில்லை. புளியமரத்தை உரசிக்கொண்டு போனது.

நான் மூலையிலிருந்து துள்ளி எழுந்தேன். இத்தனை நாள் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தவளுக்கு எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. வயலில் இறங்கிய பஸ் எங்கே போனது? எங்கேயும் போகவில்லை. அது நடக்கவே இல்லை. கதை சொல்கிறவர் தப்பாகச் சொன்னார், கேட்கிறவர் மறித்தார், பஸ் மறுபடியும் ரோட்டுக்கு வந்துவிட்டது.

"அப்பா! காரணம் கெடச்சிடுச்சி!" என்று கத்தினேன். மூச்சு வாங்கியது. "அந்த பஸ்ஸு செத்தே போகலப்பா. டிரைவரு அன்னிக்கி நடந்தத வீட்ல ஒக்காந்து சொல்லிக்கினு இருக்காரு. ஆட்டு மேல மோதினா அவரு தப்பா சொல்லிட்டாருன்னு அர்த்தம். ஒடனே, அப்படி இல்ல, மொதல்லேருந்து சொல்லுங்கன்னு வீட்ல சொல்றாங்க. அதான் பஸ்ஸு கடலூர்லேருந்து பொறப்படுது!"

அப்பா கையில் பிசைந்த சோறு அப்படியே இருந்தது. ஏதாவது ஓட்டை இருக்கிறதா என்று தேடுகிறார் என்பது முகத்திலேயே தெரிந்தது. "அப்ப அவன் உயிரோட இருக்கான்னு எப்படித் தெரியும்?"

"அவருதானப்பா கதையச் சொல்றாரு! செத்துருந்தா யாரு வந்து சொல்லுவாங்க?"

எமனையே சஸ்பெண்ட் செய்த மனுஷன் கையிலிருந்த சோற்றைத் தட்டில் வைத்துவிட்டு என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். அந்த ஒரு நிமிஷத்துக்கு ஈடாக எந்தப் பரிசையும் நான் அதற்குப் பிறகு வாங்கவில்லை. "சரிதான்" என்றார் கடைசியில். "ஒத்துக்கிறேன். இது சரியான காரணம்."

அம்மா குழம்புக் கிண்ணத்தோடு நின்றபடியே என்னைப் பார்த்தாள். "அப்ப அந்த ஆளு கடைசியில வீட்டுக்கு வந்துடுறாரா?"

"வந்துட்டாரும்மா. வந்துதான் சொல்லிக்கினு இருக்காரு."

"அப்ப இருக்கட்டும். அழிக்காத."

விளையாட்டுக்கு அம்மாவின் குரல் வேண்டியிருந்தது. போனை நீட்டிப் பேசச் சொன்னால் ரேடியோவில் செய்தி வாசிப்பதுபோல விறைப்பாகப் பேசினாள். வேறு வழியில்லாமல் மாமா போனை ஃப்ரிட்ஜ் மேல் ஒளித்து வைத்து, அடுத்த நாள் சாப்பாட்டு நேரத்தில் அசல் குரலையே பிடித்துவிட்டார். கேட்டதும் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் மாமாவுக்கு இரண்டாவது முறை மீன் போட்டாள்.

சிதம்பரத்தில் அந்தப் பள்ளி ஹால் முழுக்க எரிமலை. பத்துப் பிள்ளைகளில் நாலு பேர் எரிமலைதான் செய்துகொண்டு வந்திருந்தார்கள். என் மேஜை முன்னால்தான் கூட்டம். எரிமலைக்காரர்களே எரிமலையை விட்டுவிட்டு வந்து வரிசையில் நின்றார்கள். ஒவ்வொருவரும் ஆலப்பாக்கத்தில் மோத, "அப்படி இல்லியே, ஒழுங்கா சொல்லுங்க! மொதல்லேருந்து சொல்லுங்க!" என்று அம்மாவின் குரல் ஹாலில் கணீரென்று ஒலித்தது. ஒவ்வொரு முறையும் சிரிப்பு கூரையைத் தொட்டது. நடுவராக வந்த காலேஜ் சார் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, நான் எந்தக் கேள்விக்குக் காத்திருந்தேனோ அதே கேள்வியைக் கேட்டார். "செத்துப்போன டிரைவர் எப்படிம்மா திரும்ப வர்றார்?"

நான் சொன்னேன். ஒரு வார்த்தை தடுக்கவில்லை. சார், பக்கத்தில் இருந்த டீச்சரைக் கூப்பிட்டு, "இதக் கேளுங்க" என்று என்னை இன்னொரு முறை சொல்லவைத்தார்.

அந்த நேரம் பார்த்து, பஸ்ஸை ஸ்டாண்டில் போட்டுவிட்டு, காலைச் சிங்கிளில் என்னைக் கூட்டிவந்து விட்டுப்போன அப்பா, காக்கிச் சட்டையோடு கண்டக்டரையும் கூட்டிக்கொண்டு வந்துசேர்ந்தார். இவர்தான் அந்த டிரைவர் என்று நான் சொன்னதும் ஹாலே வழிவிட்டது. அப்பா உட்கார்ந்து, சட்டைக் கையை மடித்துக்கொண்டு, எல்லோரும் பார்க்க ஆலப்பாக்கத்தில் மோதினார். "ஒழுங்கா சொல்லுங்க!" என்றாள் அம்மா. "சரிடி" என்று அப்பா வாய்தவறிப் பதில் சொல்ல, அதற்குக் கிடைத்த கைதட்டல் எனக்குப் பரிசு கொடுத்தபோதுகூடக் கிடைக்கவில்லை. பரிசு முதல் பரிசு. கோப்பையை பஸ்ஸின் முன்கண்ணாடிக்கு அடியில், சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துக் கடலூர்வரைக்கும் ஏர் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தார். நான் டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் இருந்த பேனட்மேல் உட்கார்ந்து, ஏறுகிற ஒவ்வொருவருக்கும் கோப்பையைக் காட்டினேன். அன்றைக்குக் கடலூர் ஜில்லா முழுக்க எனக்குச் சொந்தம்.

வீட்டில் அத்தையும் மாமாவும் காத்திருந்தார்கள். அம்மா ஆரத்தி எடுத்தாள். அதுவரை அவள் மட்டும்தான் அந்த விளையாட்டைத் தொட்டதே இல்லை. டமார் சத்தம் கேட்டாலே எழுந்து போய்விடுவாள். அன்றைக்கு நாங்கள் விடவில்லை. கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்து, எந்த பட்டனை அழுத்தினால் பஸ் போகும் என்று சொல்லிக்கொடுத்தேன்.

அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒரே ஒரு விரலால் பஸ்ஸை நகர்த்தினாள். யாரையும் முந்தவில்லை. நெல் காய்கிற இடத்தில் நின்று நின்று போனாள். ஷேர் ஆட்டோவுக்கெல்லாம் வழிவிட்டாள். "அக்கா, இது பஸ்ஸு, தேர் இல்ல" என்று மாமா கத்தினார். ஆலப்பாக்கத்தில் ஆடு குறுக்கே வந்ததும் பஸ்ஸை நிறுத்திவிட்டு, அது ரோட்டைத் தாண்டி, புல் மேய்ந்து, திரையை விட்டே போகும்வரை காத்திருந்தாள். லேப்டாப்பில் சார்ஜ் தீர்ந்துவிடுமோ என்று எனக்குப் பயமாகிவிட்டது. புதுச்சத்திரம், முட்லூர், வெள்ளாற்றுப் பாலம் என்று ஒவ்வொன்றாகத் தாண்டி, கடைசியில் சிதம்பரத்தில் பஸ்ஸைக் கொண்டுபோய் நிறுத்தினாள்.

அவளுக்கு நெற்றியெல்லாம் வியர்வை. திரும்பி, பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்த அப்பாவின் தோளைத் தொட்டு, "வந்து சேந்துட்டீங்க" என்றாள். கண் நிரம்பியிருந்தது. அப்பா சட்டென்று சிரிப்பை விட்டுவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

நான் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நேரம் தாண்டத் தாண்ட மார்க் குறையும்படி அதைச் செய்திருந்தேன். அம்மாவுக்குக் கிடைத்தது பூஜ்யம். எங்கள் குடும்பத்திலேயே அந்த பஸ்ஸை ஒரு தடவைகூட மோதவிடாமல் கொண்டுபோனவள் அவள்தான். ஆனால் எங்கம்மாவுக்கு மட்டும் விளையாடவே தெரியாது என்று, கோப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அந்த வாரம் முழுக்கத் தெருவில் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்துக்கொண்டு திரிந்தேன்.